அத்தையின் மாத்திரைகளை நிறுத்திவிடலாமா? முதிய வயதில் மனச்சிதைவு மருந்தின் அளவு பற்றி

அத்தையின் மாத்திரைகளை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய விவரம் இது. அத்தைக்கு வயது 71. முப்பது வயதையொட்டி மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வந்தது. பதினான்கு ஆண்டுகளாக ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். ஹாலோபெரிடால் 5 மி.கி. காலையும் இரவும், ஓலன்சபின் 10 மி.கி. இரவில், டிரைஹெக்சிஃபெனிடில் 2 மி.கி. மூன்று வேளையும். இந்தச் சீட்டு ஒன்பது ஆண்டுகளாக மாறவில்லை. இப்போது கை நடுங்குகிறது, எச்சில் வழிகிறது, காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார், ஆறு மாதத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார், நான்கு நாளைக்கு ஒரு முறைதான் மலம் போகிறது. குறைத்தால் பழையபடி ஆகிவிடுவார் என்கிறது இல்லம். வயதானவர்களுக்கு இந்த மருந்து உயிருக்கே ஆபத்து என்கிறார் அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அண்ணன். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாகவே எனக்குப் படுகிறது: நடுவயதில் எழுதிய அளவு எழுபத்தொரு வயது உடம்புக்கும் சரியா, சரியில்லை என்றால் யாரிடம், எப்படிக் கேட்டு மாற்றுவது?

முதலில் பதில். நீங்களாகவோ இல்லத்தாராகவோ எதையும் திடீரென நிறுத்த வேண்டாம். அதே சமயம் இந்தச் சீட்டை இப்படியே ஓடவும் விடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் பெரும்பகுதி மருந்தின் அளவால் வரக்கூடியவை. மெதுவாகக் குறைத்தால் குறையக்கூடியவை. எவ்வளவு, எந்த வரிசையில் என்பதை அவரை நேரில் பார்க்கும் மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் கீழே எழுதுவது அந்த மருத்துவரிடம் நீங்கள் பேசுவதற்கு உதவும். அவருடைய சீட்டுக்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அண்ணன் சொல்லும் எச்சரிக்கை உண்மையானது. 2005 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை வெளியிட்டது. மறதி நோய் (டிமென்ஷியா) உள்ள முதியவர்களிடம் நடந்த 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஓலன்சபின் போன்ற புதிய மனநோய் மருந்துகளை எடுத்தவர்களின் இறப்பு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட 1.6 முதல் 1.7 மடங்கு இருந்தது. சுமார் பத்து வாரத்தில் மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம். 2008-இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை வந்தது. ஆனால் அந்தச் சோதனைகளில் இருந்தவர்கள் மறதி நோயாளிகள். மறதி நோயில் வரும் கத்தல், அலைச்சல், சந்தேகம் ஆகியவற்றை அடக்க இந்த மருந்தைக் கொடுப்பதைப் பற்றிய எச்சரிக்கை அது. நாற்பது ஆண்டுகளாக மனச்சிதைவு உள்ளவருக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கிப் போட முடியாது. மனச்சிதைவு உள்ளவர்களைப் பற்றி ஃபின்லாந்தில் நாடு முழுவதும் உள்ள பதிவேடுகளை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2020-இல் வந்த ஆய்வில் 62,250 பேர், இருபது ஆண்டுகள். மருந்து எடுத்த காலத்தில் இறப்பு குறைவாகவும், எடுக்காத காலத்தில் அதிகமாகவும் இருந்தது. இதிலும் ஒரு சந்தேகம் வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையை ஒழுங்காக எடுப்பவர் பெரும்பாலும் மற்ற வகையிலும் கவனிக்கப்படுபவர். உயிரைக் காத்ததில் மருந்தின் பங்கு எவ்வளவு, கவனிப்பின் பங்கு எவ்வளவு என்று பதிவேட்டை வைத்து முழுதாகப் பிரிக்க முடியாது.

அமெரிக்காவில் இது குழம்பிப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே முதியோர் பராமரிப்பு இல்லங்கள் எத்தனை பேருக்கு இந்த மருந்தைக் கொடுக்கின்றன என்பது தர மதிப்பீட்டில் வெளியிடப்படுகிறது. மனச்சிதைவு உள்ளவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அதனால் மறதி நோய் உள்ள சிலருக்குத் தகுந்த ஆதாரம் இல்லாமலே மனச்சிதைவு என்று எழுதப்பட்டது தெரியவந்து, 2023-இல் அந்த நோய்க்குறிப்புகளைத் தணிக்கை செய்யத் தொடங்கினார்கள். இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. எழுபது வயதுக்குப் பிறகு முதல் முறையாக ஒருவருக்கு மனச்சிதைவு என்று எழுதியிருந்தால், எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்க வேண்டும். அந்த வயதில் நோய் தொடங்குவதும் உண்டு. ஆனால் மறதி நோய், சிறுநீர்த் தொற்றால் வரும் குழப்பம், தைராய்டு, பி12 குறைபாடு, காது கேளாமை, வேறு மருந்துகளின் விளைவு எல்லாவற்றையும் பார்த்த பிறகே அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். உங்கள் அத்தைக்கு முப்பது வயதில் தொடங்கியதால் அந்தச் சந்தேகம் குறைவு. முடிந்தால் முதல் மருத்துவமனைச் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.

இனி இல்லத்தார் சொல்வது. குறைத்தால் திரும்பும் என்ற பயம் வெறும் சாக்கு இல்லை. சோதனைகளைத் தொகுத்து 2012-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஏறக்குறைய ஓராண்டில் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கும், நிறுத்தியவர்களில் 64 சதவீதம் பேருக்கும் நோய் மீண்டும் தலைதூக்கியது. எழுபது வயதில் திரும்பினால் அதன் விலை அதிகம். சாப்பாட்டில் விஷம் என்று தட்டைத் தள்ளுவார், உடம்பு வற்றும், இரவெல்லாம் நடப்பார், விழுவார். இருக்கும் இல்லத்திலேயே இடம் போய்விடவும் கூடும். ஆனால் அந்த எண்கள் நிறுத்தியவர்களைப் பற்றியவை. அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, குறைந்த அளவில் தொடர்வது வேறு விஷயம். “குறைக்கவே முடியாது” என்று சொல்பவர் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்.

குறைந்த அளவே போதும் என்பதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. இந்த மருந்துகள் மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்களை அடைத்து வேலை செய்கின்றன. இளவயதில் 65 முதல் 80 சதவீதம் இடங்கள் அடைபட்டால் பலன் தெரியும். அதற்கு மேலே போனால் விறைப்பும் நடுக்கமும் வரும். வயது ஏற ஏற டோபமின் சுரக்கும் செல்கள் தாமாகவே குறைகின்றன. அதனால் இன்னும் குறைந்த அடைப்பிலேயே பலனும் தெரிகிறது, நடுக்கமும் வந்துவிடுகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றுகின்றன. தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால் மருந்து உடம்பில் நீண்ட நேரம் தங்குகிறது. ஓலன்சபின் அல்லது ரிஸ்பெரிடோன் எடுத்துவந்த, ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் அளவை 40 சதவீதம் வரை குறைத்து, மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. பெரும்பாலோர் நிலைகுலையவில்லை, நடுக்கமும் விறைப்பும் குறைந்தன. அதில் இருந்தவர்கள் 35 பேர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் பெரிய சோதனைகள் 65 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்காமல் விட்டவை; முதியவர்களுக்கான அளவுகளில் பெரும்பகுதி சிறு ஆய்வுகளிலிருந்தும் மருத்துவர்களின் அனுபவத்திலிருந்தும் வந்தது.

அத்தையின் சீட்டைக் கூட்டிப் பார்க்கலாம். இந்த மருந்துகளை ஒப்பிட குளோர்ப்ரோமசின் 100 மி.கி.யை ஓர் அலகாக வைப்பது வழக்கம். ஹாலோபெரிடால் 2 மி.கி. ஏறத்தாழ அதற்குச் சமம், ஓலன்சபின் 5 மி.கி.யும் அப்படித்தான். அந்தக் கணக்கில் ஹாலோபெரிடால் 10 மி.கி. என்பது 500, ஓலன்சபின் 10 மி.கி. என்பது 200, மொத்தம் 700. இது தோராயக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் எழுபது வயதில் 700 என்பது கனமான அளவு. இதே நோய்க்கு முதியவர்களிடம் பெரும்பாலும் ரிஸ்பெரிடோன் 1 முதல் 3 மி.கி. அல்லது ஓலன்சபின் 5 முதல் 10 மி.கி. என்று ஒரே மருந்தோடு முடித்துக்கொள்ளவே பார்ப்போம். இரண்டு மருந்து ஏன் என்றும் கேளுங்கள். வேண்டுமென்றே சேர்த்திருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட சீட்டுகளில் அடிக்கடி காண்பது பாதியில் நின்றுபோன மாற்றம்தான். பழைய மருந்தைக் குறைத்துப் புதியதைக் கூட்டத் தொடங்கியிருப்பார்கள். நடுவில் மருத்துவர் மாறியிருப்பார். அன்றைக்கு இருந்த சீட்டே ஆண்டுக்கணக்கில் நகலெடுக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது மாத்திரையான டிரைஹெக்சிஃபெனிடில் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பசிட்டேன் என்ற பெயரில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மனநோய்க்கான மருந்து இல்லை இது. ஹாலோபெரிடால் உண்டாக்கும் நடுக்கத்தையும் விறைப்பையும் அடக்கக் கொடுப்பது. இளவயதில் சில வாரம், சில மாதம் கொடுத்தால் பயன் உண்டு. முதியவர்களிடம் இதுவே தனித் தொல்லையாகிவிடுகிறது. மறதி, குழப்பம், வாய் வறட்சி, மங்கிய பார்வை, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு. அளவு கூடினால் இல்லாத உருவங்கள் தெரியும். அதைப் பார்த்து நோய் கூடிவிட்டது என்று ஹாலோபெரிடாலை ஏற்றுவார்கள், அதனால் நடுக்கம் கூடும், நடுக்கத்துக்கு மறுபடி பசிட்டேன். இப்படி ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டே போகும். அத்தையின் மலச்சிக்கலில் இதற்குப் பெரிய பங்கு இருக்கும். சளிக்குக் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின், தூக்கத்துக்கு ப்ரோமெதசின் அல்லது அமிட்ரிப்டிலின், வயிற்றுவலிக்கு டைசைக்ளோமின் எல்லாம் இதே குணம் உள்ளவை. எல்லாம் சேர்ந்தால் சுமை இரட்டிப்பாகும்.

இங்கே மாத்திரை அட்டையில் ஒரு விஷயத்தைப் பாருங்கள். நம் ஊரில் ரிஸ்பெரிடோன், டிரைஃப்ளுவோபெரசின் போன்றவற்றோடு டிரைஹெக்சிஃபெனிடிலைச் சேர்த்தே ஒரே மாத்திரையாக விற்கிறார்கள். பெயரின் முடிவில் “பிளஸ்”, “ஃபோர்ட்” என்று ஏதாவது இருக்கும். சீட்டில் பசிட்டேன் இல்லை என்று நினைப்போம், உள்ளே இருக்கும். ஒன்றைக் குறைக்காமல் மற்றதைக் குறைக்கவும் முடியாது. குறைக்கும் முயற்சிக்கு முன்பு இந்தக் கூட்டு மாத்திரையைத் தனித்தனி மாத்திரைகளாக மாற்றித் தரச் சொல்ல வேண்டும். அட்டையின் பின்பக்கத்தைப் படமெடுத்துக் கொண்டுபோனால் மருத்துவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஊசி போடுகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் கேளுங்கள். ஃப்ளூஃபெனசின் 25 மி.கி. ஊசி இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடுவது இல்லங்களில் சாதாரணம். தனிப் பதிவேட்டில் இருக்கும், மாத்திரைச் சீட்டில் வராது. ஊசியும் இருந்தால் மேலே போட்ட கணக்கு இன்னும் ஏறும். ஊசி மருந்து உடம்பை விட்டு முழுதாகப் போக மாதங்கள் ஆகும் என்பதால், ஊசியில் ஒரு மாற்றம் செய்தால் மூன்று மாதமாவது பொறுத்துத்தான் அடுத்ததைச் செய்ய வேண்டும்.

குறைப்பது எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஒரு நேரத்தில் ஒரு மருந்து மட்டும், ஒரு முறைக்கு இப்போதைய அளவில் பத்து முதல் இருபத்தைந்து சதவீதம், ஒவ்வொரு படிக்கும் இடையில் நான்கு முதல் எட்டு வாரம். அத்தையின் நடுக்கத்துக்கு முதல் காரணம் ஹாலோபெரிடாலாகத்தான் இருக்கும் என்பதால் ஓலன்சபினைத் தொடாமல் வைத்துக்கொண்டு ஹாலோபெரிடாலில் தொடங்கலாம். 10 மி.கி. என்பது 7.5 ஆகும், பிறகு 6. ஹாலோபெரிடால் 1.5 மி.கி. மாத்திரையும் கிடைப்பதால் அதற்குக் கீழே 4.5, 3, 1.5 என்று இறங்க முடியும். கீழே வர வர ஒவ்வொரு படியும் விகிதத்தில் பெரிதாகிறது, 10-இலிருந்து 7.5 என்பது கால் பங்கு, 3-இலிருந்து 1.5 என்பது பாதி. அதனால் கீழ்ப்படிகளில் இன்னும் நீண்ட இடைவெளி வேண்டும். மொத்தம் ஓராண்டு ஆனாலும் தவறில்லை. நடுக்கம் குறையத் தொடங்கிய பிறகு பசிட்டேனில் இரவு வேளையை முதலில் எடுத்து, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு வேளையாக விடலாம். குழப்பமோ சிறுநீர் அடைப்போ கடுமையாக இருந்தால் மருத்துவர் பசிட்டேனிலேயே தொடங்கக்கூடும். பசிட்டேனையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. குமட்டல், தூக்கமின்மை, உடம்பு படபடப்பு வரும், விறைப்பும் சட்டென்று ஏறும்.

குறைக்கும்போது என்ன பார்ப்பது என்பது அளவைவிட முக்கியம். குறைத்த முதல் சில நாட்களில் தூக்கம் கெடுவதும் படபடப்பும் பெரும்பாலும் உடம்பு பழகும் அறிகுறி, அடங்கிவிடும். இரண்டு வாரத்துக்குப் பிறகு தூக்கம் படிப்படியாகக் குறைவது, குளிக்க மறுப்பது, சாப்பாட்டை முகர்ந்து பார்ப்பது, தனக்குள் பேசுவது கூடுவது, பக்கத்துக் கட்டில்காரரைச் சந்தேகப்படுவது ஆகியவை நோய் திரும்புவதன் தொடக்கமாக இருக்கலாம். அப்போது முந்தின படிக்கு ஏறினால் பெரும்பாலும் போதும். பழைய முழு அளவுக்குத் தாவ வேண்டியதில்லை. அத்தையின் நோய் முன்பு எப்படித் தொடங்கியது என்று குடும்பத்துக்குத்தான் தெரியும். ஆளுக்கு ஆள் முதல் அறிகுறி வேறு, ஒரே ஆளுக்குப் பெரும்பாலும் அதே அறிகுறிதான் திரும்பவும் வரும். அதை ஒரு தாளில் எழுதி இரவுப் பணியாளரிடம் கொடுங்கள். இல்லத்தில் இரவைப் பார்ப்பவர் அவர்தான்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். பல ஆண்டுகள் இந்த மருந்துகளை எடுத்தவர்களுக்கு நாக்கு உருளுவது, உதடு சுவைப்பது, விரல் தாமாக ஆடுவது என்று ஓர் இயக்கக் கோளாறு வருவது உண்டு. முதியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது வேகமாக வரும். பழைய வகை மருந்தைத் தொடங்கிய முதியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முதல் ஓராண்டிலேயே தெரிந்ததாக ஆய்வுகள் உண்டு. மருந்தின் அளவே இதை மூடிவைத்திருப்பதும் உண்டு. குறைத்த சில வாரங்களில் வாய் அசைவு கூடினால் குறைத்தது தவறு என்று அவசரப்பட வேண்டாம். பசிட்டேன் இதைத் தீர்க்காது, கூட்டும். வீட்டார் பார்ப்பதற்கு எளிய வழி இருக்கிறது. பல்செட்டையும் வெற்றிலையையும் எடுத்துவிட்டு, கை வைக்காத நாற்காலியில் உட்காரவைத்து, வாயைத் திறந்து நாக்கை உள்ளேயே வைத்திருக்கச் சொல்லி அரை நிமிடம், பிறகு கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லி பதினைந்து விநாடி, பிறகு பத்தடி நடந்து திரும்பச் சொல்லி வீடியோ எடுங்கள். குறைக்கத் தொடங்கும் முன்பு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒன்று. மருத்துவருக்கு நீங்கள் கொடுக்கக்கூடியதில் இதைவிடப் பயனுள்ளது குறைவு.

எல்லாவற்றையும் மனநோய் மருந்தின் தலையிலும் போட்டுவிட முடியாது. தலைச்சுற்றலுக்கு சின்னாரிசினோ ப்ரோக்ளோர்பெரசினோ, வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடோ யாராவது கொடுத்திருந்தால் அவையும் டோபமினை அடைப்பவை. இவற்றால் மட்டுமே நடுக்கம் வந்தவர்கள் உண்டு. எச்சில் வழிவது எச்சில் அதிகம் சுரப்பதால் இல்லாமல், விழுங்குவது மந்தமானதால் இருக்கலாம். பார்க்கின்சன் நோய்க்கான மருந்தை அவசரப்பட்டுத் தொடங்கினால் குரல்களும் சந்தேகங்களும் திரும்பும். விழுந்ததற்குக் காரணம் தேட இரத்த அழுத்தத்தைப் படுத்தநிலையில் ஒரு முறை, எழுந்து நின்ற ஒன்றாம் நிமிடத்தில், மூன்றாம் நிமிடத்தில் என்று பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் எழும்போது கண் இருட்டித்தான் விழுகிறார். இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, பி12 பார்க்க வேண்டும். ஓலன்சபின் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். சோடியம் குறைவதும் குழப்பத்துக்கும் விழுவதற்கும் ஒரு காரணம். ஹாலோபெரிடால் இருப்பதால் இ.சி.ஜி. கட்டாயம். அதில் தெரியும் க்யூ.டி. அளவு (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்னேறி இறங்க எடுக்கும் நேரம்) 500 மில்லி விநாடியைத் தாண்டினால் ஆபத்து. அந்த நேரத்தை இவையும் நீட்டக்கூடியவை என்பதால், காய்ச்சலுக்கு அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின், வாந்திக்கு ஒண்டான்செட்ரான் எழுதும் மருத்துவரிடமும் ஹாலோபெரிடால் ஓடுகிறது என்று சொல்ல வேண்டும். இரண்டு முறை விழுந்தவர் என்பதால் எலும்பின் நிலையையும் பார்த்துவிடுவது நல்லது.

சீட்டு மாறுவதற்குக் காத்திருக்காமல் இல்லத்தில் இன்றே செய்யக்கூடியவை சில. மலம் போகும் நாளைக் குறித்துவைக்க வேண்டும். மூன்று நாள் தாண்டினால் மருத்துவரைக் கேட்டு லாக்டுலோஸ் போன்ற மருந்து. போதுமான தண்ணீர் குடிக்காதவருக்கு இசப்கோல் கொடுத்தால் குடலிலேயே இறுகிவிடும். மருந்தால் விழுங்குவது மந்தமாகியிருப்பதால் சாப்பாடு மூச்சுக்குழாயில் சிக்குவது உண்மையான ஆபத்து. நிமிர்ந்து உட்காரவைத்து, காய்ந்த இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து, சப்பாத்தியைச் சிறு துண்டாக்கி, வேகமாக அள்ளிப் போடுபவராக இருந்தால் பக்கத்தில் ஒருவர் இருந்து கொடுக்க வேண்டும். இரவு மாத்திரை கொடுத்த பிறகு கழிப்பறைக்குப் போகவைத்துப் படுக்கவைப்பது, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு. இந்த மருந்துகளும் பசிட்டேனும் வியர்வையையும் உடல் சூட்டைச் சமாளிக்கும் திறனையும் குறைப்பதால் அக்னி நட்சத்திர நாட்களில் மதிய வெயிலில் உட்காரவைக்கக் கூடாது. விழுங்க மறுப்பவர்களுக்கு மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் கலப்பது சில இடங்களில் வழக்கம். மெல்லக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் ஏறிவிடும். சொல்லாமல் கலப்பது அவருடைய உரிமையிலும் கைவைப்பது.

பீடி, சிகரெட் பழக்கம் உள்ள மற்றவர்களுக்காக ஒரு வரி. புகை ஓலன்சபினையும், குளோசபின் என்ற இன்னொரு மனநோய் மருந்தையும் உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றுகிறது. இல்லத்தில் சேர்ந்ததும் பீடி நின்றால் ஓரிரு வாரத்தில் அதே மாத்திரையிலேயே இரத்தத்தில் அளவு ஏறும், குளோசபினில் இது ஆபத்தான அளவுக்கும் போகும். புகை நிற்கும் நாளை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். குளோசபின் எடுப்பவர்களுக்கு மேலே நான் சொன்ன குறைக்கும் முறை பொருந்தாது. அதற்கு இரத்த அணுப் பரிசோதனை, மலச்சிக்கல் கண்காணிப்பு எல்லாம் வேறு கணக்கு.

யாரிடம் கேட்பது என்பதற்கு வருகிறேன். முதலில் அத்தையிடம். நாற்பது ஆண்டு இந்த மாத்திரைகளை விழுங்கியவர் அவர். எந்த மாத்திரை போட்டால் கால் கனக்கிறது, குரல் இன்னும் கேட்கிறதா, கேட்டாலும் அது அவரைத் தொந்தரவு செய்கிறதா என்று அவர்தான் சொல்ல முடியும். நீங்கள் எழுதிய நீண்ட கேள்வியில் அவர் என்ன சொல்கிறார் என்பது ஓர் இடத்திலும் இல்லை. அவருடைய ஒப்புதலோடுதான் மாற்றம் தொடங்க வேண்டும். 2018 மே 29 முதல் நடப்பில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி தன் சிகிச்சையைப் பற்றித் தெரிந்துகொள்வதும் தன் மருத்துவப் பதிவுகளைப் பார்ப்பதும் அவருடைய உரிமை. தனக்காகப் பேச ஒருவரை அவரே நியமித்துக்கொள்ளலாம். உங்களை நியமித்தால் மருத்துவரிடம் நீங்கள் பேசுவது எளிதாகும். மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் இல்லத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த மாநிலத்தில் நாம் இருக்கிறோம். பதிவு இருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இல்லத்தில் பேசும்போது குற்றம் சாட்டும் குரலில் தொடங்காதீர்கள். இரவில் நாற்பது பேருக்கு ஒரு பணியாளர் இருக்கும் இடத்தில் மருந்தைக் குறைப்பதை நினைத்தால் அவருக்குப் பயம் வருவது இயல்பு. குறைக்கும் மாதங்களில் வாரம் ஒரு முறை வந்து பார்க்கிறேன், தூக்கம் கெட்டால் எந்த நேரமும் கூப்பிடுங்கள் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். இல்லத்துக்கு வரும் மருத்துவர் பத்து நிமிடத்தில் முப்பது பேரைப் பார்ப்பவராக இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அழைத்துப் போய், அங்கே எழுதித் தரும் சீட்டை இல்லத்து மருத்துவருக்குக் காட்டலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். கையில் கொண்டுபோக வேண்டியவை: எல்லா மாத்திரை அட்டைகளின் இரண்டு பக்கப் படமும், ஊசிப் பதிவேட்டின் நகல், விழுந்த தேதிகள், மலம் போன நாட்கள், எடை, அந்த வீடியோ, பழைய மருத்துவமனைச் சீட்டு. “இதில் எதைக் குறைக்கலாம், எதை முதலில், எப்போது மறுபடி பார்ப்பீர்கள்?” என்று கேளுங்கள். நிறுத்துங்கள் என்று கேட்டால் முடியாது என்ற பதில்தான் வரும்.

இதற்கெல்லாம் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலைகளும் உண்டு. காய்ச்சலோடு உடம்பு பலகைபோல விறைத்து நினைவு தடுமாறுவது, வயிறு உப்பி வாந்தியோடு மலமும் காற்றும் போகாமல் இருப்பது, பல மணி நேரம் சிறுநீர் போகாமல் அடிவயிறு வீங்குவது, மயங்கி விழுவது, விழுந்த பிறகு எழுந்து நிற்க முடியாமல் இடுப்பு வலிப்பது, ஓரிரு நாளில் திடீரென ஆளே மாறினாற்போல் குழம்பிப்போவது. இவற்றில் எது வந்தாலும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். அவசரப் பிரிவில் இருப்பவருக்கு அவர் மனநல மருந்து எடுப்பவர் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.